தண்டவாளத்தை ஒட்டிய வீடு

ரயில் பாதையை ஒட்டிக் கட்டப்படும் குடியிருப்புக்கு ஓடும் வண்டியிலிருந்து வந்து சேர்பவை இரண்டு: காற்று வழியாக வரும் இரைச்சல், மண் வழியாக வரும் அதிர்வு. ஒரே வண்டியிலிருந்து புறப்பட்டாலும் இவை வீட்டுக்குள் நுழையும் வழி வேறு, தடுக்கும் முறையும் வேறு. இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல் இரைச்சலைக் குறைக்கும்; கட்டிலின் நடுக்கத்தை அது தொடாது. அடித்தளத்தில் ரப்பர் தாங்கிகளை வைத்தால் நடுக்கம் குறையும். ஹாரன் சத்தம் அப்படியே கேட்கும். இந்த வேறுபாடு தெரியாமல் செலவழிக்கும் பணம் வீணாகிவிடுகிறது. இரண்டுக்குமே நல்ல தீர்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் மிகப் பயனுள்ளவை எல்லாம் கட்டடம் காகிதத்தில் வரைபடமாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை.

சென்னையில் கடற்கரை–தாம்பரம் இடையே 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. புறநகர் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தது. இன்று தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்றும், மேற்கே ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் என்றும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் தண்டவாளத்தின் ஓரமாகவே நீள்கின்றன. ஸ்டேஷன் நடந்து போகும் தூரத்தில் இருப்பது அங்கே வீடு வாங்குபவருக்குக் கிடைக்கும் உண்மையான வசதி. தினமும் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தக்கூடியது. அதே அருகாமைதான் இரவில் வேறு முகம் காட்டுகிறது.

ரயில் சத்தம் என்று பொதுவாகச் சொல்வது பல சத்தங்களின் கலவை. சாதாரண வேகத்தில் ஓடும் வண்டியில் முதன்மையானது சக்கரம் உருளும் சத்தம். சக்கரமும் தண்டவாளமும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மேடுபள்ளமே இரண்டையும் அதிரவைத்து ஒலிக்கச் செய்யப் போதும். வேகம் இருமடங்கானால் இந்தச் சத்தம் ஏறத்தாழ 9 டெசிபல் கூடுகிறது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்றும் என்பதை வைத்துப் பார்த்தால், ஸ்டேஷனுக்குள் நுழையும் மின்ரயிலுக்கும் நிற்காமல் பாய்ந்து போகும் எக்ஸ்பிரஸுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

சக்கரத்தின் வழவழப்பைக் கெடுப்பதில் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தின் ஓடுபரப்பை நேரடியாக அழுத்தி நிறுத்தும் பழைய முறையில், ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அந்தப் பரப்பு சொரசொரப்பாகிறது. ஐரோப்பாவின் சரக்கு ரயில்கள் நெடுங்காலம் இரவின் பெருந்தொல்லையாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கூட்டுப்பொருளால் ஆன பிரேக் கட்டைகளுக்கு மாறினால் சத்தம் 8 முதல் 10 டெசிபல் வரை குறையும் என்று கண்டு, சுவிட்சர்லாந்து 2020 தொடக்கத்திலிருந்தும் ஜெர்மனி அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் இரைச்சல் மிகுந்த பழைய சரக்குப் பெட்டிகளைத் தங்கள் பாதைகளில் ஓடவிடாமல் தடை செய்தன. இந்தியாவில் எல்எச்பி என்ற புதுவகைப் பயணிகள் பெட்டிகளில் டிஸ்க் பிரேக் இருப்பதால், பிரேக் கட்டை அழுத்திச் சக்கரத்தின் ஓடுபரப்பு சொரசொரப்பாவதில்லை. பாதையோர வீட்டில் இருப்பவரின் காதுக்கு இந்த மாற்றம் எந்தச் சுவரும் தராத நிம்மதி.

உருளும் சத்தத்துக்கு மேல் வேறு பல சத்தங்கள் வந்து சேர்கின்றன. பழைய பாதைகளில் தண்டவாளத் துண்டுகளை ஃபிஷ்பிளேட் வைத்து இணைத்த இடங்களில்தான் 'தடக் தடக்' என்ற தாளம் பிறந்தது. நீளமாக வெல்டிங் செய்த பாதையில் அது மறைந்துவிட்டது. ஆனால் பாதை பிரியும் பாயின்ட்டுகளில் சக்கரம் இடைவெளியைத் தாண்டும்போது அதே அடி இன்றும் விழுகிறது. கூர்மையான வளைவில் சக்கரம் கிறீச்சிடும். பிரேக் பிடித்து இழுபட்டதில் ஒரு பக்கம் தட்டையாகிப்போன சக்கரம், சுற்றுக்கு ஒரு முறை சம்மட்டியால் அடிப்பதுபோல் பாதையை அடித்துக்கொண்டே போகும். காலியாகத் திரும்பும் சரக்குப் பெட்டிகள் பாரம் ஏற்றியவற்றைவிட அதிகமாகக் கடகடக்கும். பாயின்ட்டுக்கோ வளைவுக்கோ நேர் எதிரே உள்ள கட்டடத்துக்கும், அங்கிருந்து 200 மீட்டர் தள்ளி உள்ள கட்டடத்துக்கும் இதனால் பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது.

ஹாரன் தனிக் கதை. ரயில்வே கேட்டுக்குச் சுமார் 600 மீட்டர் முன்னால் பாதையோரத்தில் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அதைக் கண்டதும் லோகோ பைலட் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. நள்ளிரவு என்பதால் அதை அவர் விட்டுவிட முடியாது. உயிர்ப் பாதுகாப்புக்கான விதி அது. ஆகவே அந்தப் பலகைக்கும் கேட்டுக்கும் இடைப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஹாரன் கேட்டே தீரும். கேட்டை மூடிச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்டினால், போக்குவரத்து நெரிசலோடு ஹாரனும் போய்விடுகிறது. ஹாரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு; அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுற்றுச்சுவர் இல்லாத இடங்களில் மக்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பார்கள். அவர்களைக் கண்டு லோகோ பைலட் அடிக்கும் ஹாரனும் கணக்கில் சேரும். அந்த இடத்தில் சுவர் எழுப்பி, நடை மேம்பாலம் கட்டினால் உயிரும் தப்பும், உறக்கமும் கெடாது.

ரயில் இரைச்சலை எண்ணில் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. சாலை இரைச்சல் தொடர்ந்து ஓடுவது. ரயில் இரைச்சல் வந்து போவது. பாதையோர ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி 20 விநாடி நேரம் 85 டெசிபல் சத்தம் எழுப்பி, மணிக்கு அப்படி ஒரே வண்டிதான் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி 62 டெசிபல்தான் வரும். உறங்குபவரை எழுப்புவது அந்த 85தானே தவிர, சராசரி 62 இல்லை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கும் வரம்பும் சராசரிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் ரயில் இரைச்சலுக்கென்றே தனியாகச் சொன்ன இரவு அளவு 44 டெசிபல். வீட்டை விற்பவர் காட்டும் அளவீட்டில் சராசரி மட்டும் இருந்தால், வண்டி கடக்கும் கணத்தின் உச்ச அளவு என்ன, இரவில் எத்தனை வண்டி என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் படம் முழுமையாகும்.

பழகிவிடும் என்ற பேச்சும் அரைகுறை உண்மைதான். ஒரே சராசரி அளவில் சாலை இரைச்சலைவிட ரயில் இரைச்சல் மக்களுக்குக் குறைவாகவே எரிச்சலூட்டுகிறது என்று பழைய ஆய்வுகள் கண்டன. ஜெர்மனி அதை நம்பி ரயிலுக்கு 5 டெசிபல் சலுகை அளித்து வந்தது. பிறகு புதிய ரயில் பாதைகளுக்கு 2015 முதல் அந்தச் சலுகையை நீக்கியது. சில மாதங்களில் பலர் வண்டிச் சத்தத்துக்கு விழித்தெழுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது சரியே. ஆனால் விழிக்காதபோதும் இதயத்துடிப்பு ஒவ்வொரு வண்டிக்கும் ஏறி இறங்குவதை உறக்க ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. காது பழகினாலும் உடல் முழுதாகப் பழகுவதில்லை.

தூரம் தரும் பாதுகாப்பு பலர் நினைப்பதைவிடக் குறைவு. நீளமான வண்டி ஒரு கோடுபோல ஒலிப்பதால், தூரம் இருமடங்கானாலும் பாதைக்கு அருகில் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறைகிறது. தள்ளிப் போகப்போகத்தான் குறையும் அளவு கூடுகிறது. உயரமும் ஏமாற்றும். மேல் தளத்துக்குப் போனால் சத்தம் குறையும் என்ற நம்பிக்கையில் ஐந்தாவது மாடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. தரைத்தளத்துக்கு மதில்சுவர் நிழல்போல் மறைப்பு தருகிறது. ஐந்தாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்டவாளம் நேராகத் தெரியும். சக்கரம் கண்ணுக்குத் தெரிந்தால் அதன் சத்தம் தடையில்லாமல் வருகிறது என்பதே எளிய சோதனை. கட்டுநர் மதிலோரம் நட்டுத்தரும் நெட்டிலிங்க மர வரிசை வண்டியைக் கண்ணிலிருந்து மறைக்கும். ஒலியைத் தடுப்பதில் ஒற்றை வரிசை மரத்தால் ஏறக்குறைய பயனே இல்லை.

இனி வரைபடத்துக்கு வருவோம். செலவே இல்லாமல் அதிகம் சாதிக்கக்கூடிய இடம் அதுதான். பாதைக்கு இணையாக நீளமான ஒரு கட்டடத்தை முன்னால் நிறுத்தினால் அதுவே பின்னால் உள்ள வீடுகளுக்குச் சுவராகும். அந்த முன்கட்டடத்தில் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி, சமையலறை, குளியலறை ஆகியவற்றைத் தண்டவாளப் பக்கமும் படுக்கையறைகளை எதிர்ப்பக்கமும் வைக்கலாம். அதற்கு மாறாக, பாதைக்குச் செங்குத்தாக இரண்டு கட்டடங்களை எதிரெதிரே நிறுத்தினால் ஒலி இரண்டு சுவர்களுக்கும் இடையே மோதி மோதி உள்வரை போகும். கார் நிறுத்துமிடத்தைப் பாதையோரம் ஒதுக்குவதும் நல்ல உத்தி. வாஸ்து திசைக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைத் தண்டவாளம் இருக்கும் திசைக்குக் கொடுத்தாலே பல வீடுகளின் இரவு மாறிவிடும்.

சுவரைப் பொறுத்தவரை கவலை குறைவு. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கிறது. பலவீனம் ஜன்னலில் இருக்கிறது. சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும், மீதியை எதனால் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இன்றைய ஃபிளாட்டுகளில் பரவலாக வைக்கும் ஸ்லைடிங் ஜன்னலில் கதவுகள் வழுக்கிச் செல்ல விட்ட இடைவெளியே அந்த ஓட்டை. ரப்பர் பட்டை அழுந்தி மூடும் கீல் ஜன்னல் இதற்கு மேல். கண்ணாடியில், இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை நல்லது. இரண்டு அடுக்கு போடுவதானால் இரண்டும் வெவ்வேறு தடிமனில் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ஜன்னலுக்கு உட்புறம், ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு ஜன்னல் வைப்பது, குடியேறிய பிறகு செய்யக்கூடியவற்றில் மிகப் பலனுள்ளது.

ஆனால் இவையெல்லாம் ஜன்னல் மூடியிருந்தால்தான். குளிர்நாடுகளில் எழுதிய அறிவுரைகள் தமிழ்நாட்டு வீட்டுக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும். மே மாத இரவில் ஜன்னலை மூடிவிட்டு ஏசி இல்லாமல் தூங்க முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டது. ரயில் பாதையோரம் கட்டப்படும் புதிய வீடுகளில் இரவில் படுக்கையறைக்குள் 35 டெசிபலுக்கும், மற்ற வசிப்பறைகளில் 40 டெசிபலுக்கும் மேல் போகக் கூடாது என்று 2008இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஜன்னலைத் திறந்தால் அந்த அளவு 10 டெசிபலுக்கு மேல் மீறும் என்றால், ஜன்னலை மூடிக்கொண்டும் காற்றோட்டம் கிடைக்கும் ஏற்பாட்டைக் கட்டடத்திலேயே செய்திருக்க வேண்டும். வெயில் ஊருக்கு ஏற்ற விதி இது.

அதிர்வு வேறு வழியில் வருகிறது. சக்கரத்தின் பாரம் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி எனக் கீழிறங்கி மண்ணுக்குள் அலையாகப் பரவி, அடித்தளத்தைப் பிடித்துத் தூண்கள் வழியே மேலேறுகிறது. மண்ணின் தன்மை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் தரைக்குக் கீழே சார்னோக்கைட் பாறை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் சதுப்புநிலக் களிமண். பாறை வேகமான அதிர்வை நன்றாகக் கடத்தும்; அறைக்குள் அது சுவர்களிலிருந்து எழும் தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். நனைந்த களிமண் மெதுவான அசைவைக் கடத்தும். அது காதுக்குக் கேட்காமல் உடலுக்குத் தெரியும். களிமண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்வீடன் சாட்சி. கோட்டபோரி நகருக்குத் தெற்கே லேட்ஸ்கோர்ட் என்ற இடத்தில் 1990களின் கடைசியில் அதிவேக ரயிலை ஓட்டியபோது, வண்டியின் வேகம் அந்த இளகிய களிமண்ணில் அலை பரவும் வேகத்தை நெருங்கிவிட்டது. பாதையே கண்ணுக்குத் தெரியும்படி ஏறி இறங்கியது. வேகத்தைக் குறைத்து, மண்ணுக்குள் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை இறக்கிய பிறகுதான் சரியானது.

வீட்டுக்குள் அதிர்வு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மாடி ஏற ஏறப் பொதுவாகக் குறையும். ஆனால் நடுவில் தூண் இல்லாத அகன்ற தளம் தன் இயல்பான அலைவெண்ணில் அதிர்வு வந்து சேர்ந்தால் அதைப் பெருக்கிக் காட்டும். அதனால் கூடத்தின் நடுவில் உணரும் நடுக்கம் சுவரோரத்தில் தெரியாமல் போகலாம். கட்டிலைச் சுவரோரம் நகர்த்துவது உடனே செய்து பார்க்கக்கூடிய சோதனை.

அதிர்வை உணர்ந்ததும் எழும் முதல் பயம் வீடு விரிசல் விட்டுவிடுமோ என்பது. இங்கே ஆறுதல் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர் விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் நிகழும் அதிர்வையே உணரத் தொடங்கிவிடுகிறார். சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்குக் குறுகிய கால அதிர்வால் பூச்சில் விரிசல் வரும் ஆபத்துக்கு ஜெர்மன் தரநிலை வைத்திருக்கும் மிகக் கண்டிப்பான எல்லையே விநாடிக்கு 5 மில்லிமீட்டர். மனித உடல் கட்டடத்தைவிட அவ்வளவு நுட்பமான கருவி. புதிய ஃபிளாட்டில் முதல் இரண்டு ஆண்டுகளில் தெரியும் மெல்லிய விரிசல்கள் பெரும்பாலும் சிமெண்ட் பூச்சு உலர்ந்து சுருங்குவதாலும், கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடம் வெயிலில் வேறுவேறு அளவு விரிவதாலும் வருபவை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா இல்லையா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். வளர்ந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டியதுதான்.

கட்டடத்தையே மண்ணின் அதிர்விலிருந்து பிரித்து வைக்கும் முறைக்கு 1966இல் லண்டன் வழிகாட்டியது. சுரங்க ரயிலுக்கு மேலே கட்டிய ஆல்பனி கோர்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பை இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். மான்செஸ்டரில் 1996இல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் இசையரங்கம், பக்கத்தில் ஓடும் டிராமின் அதிர்வு கேட்காதபடி எஃகுச் சுருள்களின் மேல் நிற்கிறது. எந்தத் தாங்கியும் தன் இயல்பான அலைவெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வையே வடிகட்டும்; அதற்குக் கீழே பலன் இல்லை. ஆகவே மனையில் வண்டி போகும்போது அளந்து பார்த்து, எந்த அலைவெண்ணில் தொல்லை என்று தெரிந்துகொண்டுதான் தாங்கியைத் தேர்வு செய்ய முடியும். கட்டி முடித்த கட்டடத்துக்குக் கீழே இவற்றைச் செருகுவது நடைமுறையில் நடக்காத காரியம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஜப்பான் ஒரு விடையும் இங்கிலாந்து இன்னொரு விடையும் தந்தன. 1964இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயில் நகோயா நகரக் குடியிருப்புகளுக்கு நடுவே பாய்ந்தபோது, அங்கே முன்பே வாழ்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் 1974இல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அரசு குடியிருப்புப் பகுதிக்கு 70 டெசிபல், வணிக, தொழிற்பகுதிக்கு 75 டெசிபல் என்று ஷின்கான்சென் இரைச்சலுக்குத் தரம் வகுத்தது. வழக்கு 1986இல்தான் சமரசத்தில் முடிந்தது. அங்கே பின்னால் வந்தது ரயில்; பொறுப்பும் அதன் மேலேயே விழுந்தது. ரயில் முன்பே ஓடிக்கொண்டிருக்க, வீடு பின்னால் வந்தால் காப்பு ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர் வீட்டைக் கட்டுபவரே என்ற கொள்கையை இங்கிலாந்தின் திட்டமிடல் கட்டமைப்பு 2018இல் எழுதி வைத்தது.

தமிழ்நாட்டில் ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்ட ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். கட்டடத்தால் ரயிலுக்கு ஆபத்து வருமா என்பதை அது பார்க்கிறது. ரயிலால் குடியிருப்பவருக்குத் தொல்லை வருமா என்பது அதன் வேலை இல்லை. ஆகவே சான்று இருப்பதைக் காட்டி வீடு அமைதியானது என்று யாரும் சொல்ல முடியாது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அதற்கான ஆவணங்களில் மனையில் அளந்த ஒலி அளவு இருக்கும். வாங்குபவர் அதைக் கேட்டுப் படிக்கலாம். ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி கட்டமைப்புக் குறைபாட்டுக்கு ஐந்து ஆண்டுகள் கட்டுநர் பொறுப்பு. இரைச்சலை அதில் சேர்ப்பது கடினம் என்பதால், ஜன்னலின் வகையையும் கண்ணாடியின் தடிமனையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

வீடு பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறார்கள்; மின்ரயில்கள் குறைவாக ஓடும் நாள் அது. வார நாளில் இரவு பதினொரு மணிக்கு ஒரு முறையும், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு முறையும் போய் நிற்பதுதான் சரியான சோதனை. மின்ரயில் ஓய்ந்த நேரத்தில் கூட்ஸ் வண்டிகள் எத்தனை போகின்றன என்பது அப்போதுதான் தெரியும். அருகில் ரயில்வே கேட், பாயின்ட், வளைவு, நின்று போகும் சிக்னல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாதையோரம் நடந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே குடியேறியவர்கள், தட்டைச் சக்கரத்தின் சம்மட்டி அடி கேட்டால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக் குடியிருப்போர் சங்கம் மூலம் ரயில்வேக்கு எழுதலாம். அந்தச் சக்கரம் தண்டவாளத்தையும் சேதப்படுத்துவதால், அதைச் சரிசெய்வது ரயில்வேயின் தேவையும்கூட.

மதிலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் ரயில்வே நிலத்தையும் விசாரிக்க வேண்டும். தாம்பரம்–செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை போட்டதுபோல், நெரிசல் மிகுந்த தடங்களில் கூடுதல் பாதை அந்த இடத்தில்தான் வரும். அப்போது படுக்கையறை ஜன்னலுக்கும் வண்டிக்கும் உள்ள தூரம், வீடு வாங்கிய அன்று அளந்த தூரமாக இருக்காது.